வெயிலுக்குத் தப்பிக் கொடைக்கானல் போகிறீர்களா? வழியில் பிடிக்கும் வெயிலை முதலில் கவனியுங்கள்

மதுரையில் மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான்: அம்மாவை ஒரு பத்து நாள் கொடைக்கானலில் வைத்திருந்தால் தேவலை. 2025 மே மாதம் அதைச் செய்தே விட்டோம். அம்மாவுக்கு 74 வயது, பி.பி.க்கு மாத்திரை சாப்பிடுகிறவர். காலை பத்தரைக்கு இட்லி சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் காரில் கிளம்பினோம். பன்னிரண்டரை மணிக்குக் காமக்காபட்டி சோதனைச் சாவடி வரிசையில் நின்றோம். மலையேறும் வண்டிக்கு ஆன்லைனில் எடுக்க வேண்டிய அனுமதிச் சீட்டான இ-பாஸைத் தம்பி எடுத்துவிட்டான் என்று நான் நினைத்திருந்தேன். நான் எடுத்துவிட்டேன் என்று அவன் நினைத்திருந்தான். அடிவார வெயிலில் காரை ஓரம்கட்டி, வந்து வந்து போகும் சிக்னலில் போனைத் தட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் போனது. அப்புறம் மலையேற்றம், இரண்டு முறை வாந்தி, என்ஜின் சூடேறுகிறது என்று ஏ.சி.யும் நிறுத்தம்.

பெருமாள்மலை தாண்டும்போது அம்மா, "ஏப்பா, நாம எங்க போறோம்?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். மூன்றாவது முறையும் அதையே கேட்டபோதுதான் வயிற்றைக் கலக்கியது. அறைக்குப் போகாமல் நேரே மருத்துவமனைக்குப் போனோம். உடம்பில் நீரும் உப்பும் குறைந்துவிட்டன என்று ஒரு ராத்திரி முழுக்க டிரிப்ஸ் ஏற்றினார்கள். வெளியே எல்லாரும் ஸ்வெட்டர் போட்டு நடக்கிறார்கள், உள்ளே அம்மா வெயில் நோய்க்குப் படுத்திருக்கிறார். "கீழே பட்ட வெயிலுக்கு மேலே வந்து படுத்திருக்காங்க, சீசன்ல இது எங்களுக்குப் புதுசில்ல" என்றார் மருத்துவர்.

அதற்கப்புறமும் அம்மாவைக் கூட்டிப்போய் வந்திருக்கிறோம், ஒரு தடங்கலும் இல்லாமல். என்ன மாற்றினோம் என்பதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். வீட்டில் பெரியவர்களோ கைக்குழந்தையோ இருந்து, முதல்முறை போகிறவர்களுக்கு இது உதவும்.

1. முதலில் தேதி

கத்திரி வெயில் பெரும்பாலும் மே 4-இல் தொடங்கி 28 வரை. அந்த இருபத்தைந்து நாளில்தான் மொத்தத் தமிழ்நாடும் மலையேறுகிறது. பிரையன்ட் பூங்கா மலர்க் கண்காட்சியும் மே மாதத்தில்தான் நடக்கும். அந்த வாரத்தில் வயதானவர்களோடு போகவே போகாதீர்கள். வெள்ளி நீர்வீழ்ச்சியில் இருந்து மூஞ்சிக்கல் வரை வண்டி ஊர்ந்து போகும். நடக்கிறவர்கள் உங்களை முந்திக்கொண்டு போவார்கள்.

ஏப்ரல் இரண்டாவது வாரம் எனக்குப் பிடித்த நேரம். கீழே வெயில் ஏறிவிட்டிருக்கும், மேலே கூட்டம் இன்னும் ஏறியிருக்காது. மே மாதம்தான் முடியும் என்றால் செவ்வாயோ புதனோ ஏறி, அதேபோல் ஒரு வார நாளில் இறங்குங்கள்.

கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்னதாக வானிலையைப் பார்க்கத் தொடங்கலாம். வானிலை ஆய்வு மையத்தின் 'மௌசம்' செயலியும், தமிழக அரசின் 'டிஎன் அலர்ட்' செயலியும் போதும். இதில் புதியவர்கள் செய்யும் தவறு, கொடைக்கானல் என்று மட்டும் தேடிப் பார்ப்பது. அங்கே 25, 26 டிகிரி என்று காட்டும், மனசு குளிர்ந்துவிடும். நீங்கள் பார்க்க வேண்டியது நீங்கள் கடந்து போகும் ஊர்களின் வெப்பத்தை: மதுரை, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, அந்தப் பக்கமாக ஏறுகிறவர்களுக்குத் திண்டுக்கல், பழனி. கடல் மட்டத்தில் இருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. கொடைக்கானல் இரண்டாயிரத்து நூறு மீட்டர் உயரம். ஆக, மேலே 26 என்றால் கீழே 40-ஐ ஒட்டி இருக்கிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வெப்ப அலை என்று அறிவிக்கும் அளவுகோலும் இடத்துக்கு இடம் வேறு. சமவெளியில் குறைந்தது 40 டிகிரியைத் தொட வேண்டும், மலைப்பகுதிக்கு 30 போதும். 2024 ஏப்ரல் இறுதியில் ஊட்டியில் 29 டிகிரி பதிவானபோது நாடே அதைப் பேசியது.

2. இ-பாஸ்: காசு கிடையாது, ஆனால் இல்லாமல் ஏறாதீர்கள்

2024 மே 7-இல் இருந்து கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறை, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி. 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி. நீங்கள் போகும் மாதத்தில் வரம்பு எவ்வளவு என்பதைப் பதிவு செய்யும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

தமிழ்நாடு மின் ஆளுமை முகமையின் இ-பாஸ் தளத்தில்தான் எடுக்க வேண்டும். போன் நம்பர் கொடுத்தால் ஓ.டி.பி. வரும். அதன் பிறகு கேட்கும் விவரங்களை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: வண்டி எண், வண்டி வகை, தயாரித்த வருடம், என்ன எரிபொருள், எத்தனை பேர், ஏறும் தேதி, இறங்கும் தேதி, தங்கும் இடம். ஆர்.சி. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பத்து நிமிட வேலை.

பாஸுக்குக் கட்டணம் கிடையாது. பிரவுசிங் சென்டரில் நிரப்பிக் கொடுக்க ஐம்பது ரூபாய் கேட்டால் அது அவர்கள் கூலி, கொடுக்கலாம். 'சீசன் பாஸ்', 'விஐபி பாஸ்' என்று யாராவது ஐந்நூறு, ஆயிரம் கேட்டால் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

பாஸ் வந்தவுடன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வண்டியில் வரும் இரண்டு பேர் போனிலாவது போட்டு வையுங்கள். முடிந்தால் ஒரு பிரிண்ட். அடிவாரத்தில் சிக்னலை நம்ப முடியாது. வாடகைக் கார் என்றால் யார் பாஸ் எடுப்பது, எந்த வண்டி எண் வரப்போகிறது என்பதை முதல் நாள் ராத்திரியே உறுதி செய்யுங்கள். காலையில் வேறு வண்டியை அனுப்பிவிட்டு, "பாஸ் மாத்திக்கலாம் சார்" என்று சொல்லும் ஓட்டுநர்கள் உண்டு. அதை மாற்றுவதற்கு நீங்கள் நிற்கப்போவது அடிவாரத்து வெயிலில்.

பெரிய வேன், பேருந்து பிடித்துக் குடும்பமாகப் போகிறவர்களுக்கு ஒன்று. 2024 நவம்பர் முதல் 12 மீட்டருக்கு மேல் நீளமான வண்டிகளுக்குக் கொடைக்கானல் மலைப்பாதையில் தடை இருக்கிறது. முன்பணம் கொடுக்கும் முன் நீளத்தைக் கேட்டுவிடுங்கள்.

3. ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் ஒரு நடை

இதை நாங்கள் முதல்முறை செய்யவே இல்லை. "என்ன சுற்றுலாவுக்குப் போறதுக்கு டாக்டரா?" என்று அம்மாவே சிரித்தார்.

கேட்க வேண்டியவை நான்கு. முதலாவது, பி.பி. மாத்திரை. சில மாத்திரைகள் உடம்பில் இருக்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றித்தான் அழுத்தத்தைக் குறைக்கும். அம்மா சாப்பிட்டதும் அந்த வகைதான் என்பது டிரிப்ஸ் ஏற்றும்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பயண நாளில் அதை எப்போது சாப்பிடுவது என்பதை மருத்துவர் சொல்லட்டும். நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

இரண்டாவது, எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பது. இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருப்பவர்களுக்கு, "நிறையக் குடிங்க" என்று நாம் சொல்வதே ஆபத்தாகிவிடலாம். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைத் தூளான ஓ.ஆர்.எஸ்.ஸில் உப்பு இருக்கிறது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வளைவுப் பாதைக்கு வாந்தி மாத்திரை. மருந்துக்கடையில் சட்டென்று எடுத்துக் கொடுக்கும் மாத்திரைகளில் சில, வயதானவர்களுக்குத் தூக்கத்தையும் மனக்குழப்பத்தையும் கொண்டுவரும், வியர்வையைக் குறைக்கும். வியர்க்காத உடம்பு வெயிலில் சூட்டை வெளியே தள்ளாது. எது பொருந்தும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். எங்கள் அம்மாவுக்கு இப்போது முன் சீட், இஞ்சி மிட்டாய், அரை வயிறு சாப்பாடு. அவ்வளவிலேயே சமாளித்துவிடுகிறார்.

நான்காவது, இன்சுலின் போடுகிறவர்களுக்கு. பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வத்தலக்குண்டில் டீ குடிக்க இறங்கும்போது பையைக் காருக்குள் விட்டுவிட்டால் கெட்டுப்போகலாம். வெயிலில் நிற்கும் மூடிய காரில் பத்து நிமிடத்துக்குள்ளேயே பத்து டிகிரி ஏறிவிடும். மருந்துக்கே இந்த கதி என்றால் குழந்தையை, "தூங்குது, எழுப்ப வேண்டாம்" என்று விட்டுவிட்டு இறங்குவது எப்பேர்ப்பட்ட காரியம் என்று பாருங்கள். ஐஸ் பையில் வைக்கிறவர்கள் இன்சுலினை ஐஸோடு நேரே ஒட்டி வைக்காதீர்கள், உறைந்தாலும் அது வீண்தான்.

எடுத்துப்போக வேண்டிய காகிதங்கள்: மருந்துச் சீட்டு, கடைசி ரத்தப் பரிசோதனை, ஒவ்வொருவருக்கும் ஆதார் (அறை கொடுக்கும்போது கேட்பார்கள்), முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் அது. வண்டிக்கு லைசென்ஸ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று. எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் கோப்பில் போட்டு, அது எங்கே இருக்கிறது என்று ஓட்டுகிறவர் தவிர இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

4. அறை பிடிக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள்

கொடைக்கானல் அறைகள் பலவற்றில் மின்விசிறி இருக்காது. தேவைப்படாத ஊர் என்பதால் மாட்டுவதில்லை. கண்ணாடி ஜன்னல் பெரிதாக மேற்குப் பார்த்து, மேலே தகரக் கூரை என்றால் பிற்பகல் மூன்று மணிக்கு உள்ளே புழுங்கும். எங்களுக்கு முதலில் கிடைத்த அறை அதுதான். படத்தில், 'பள்ளத்தாக்குக் காட்சி' என்று அழகாக இருந்தது. பகலில் வேக்காடு, ராத்திரி நடுக்கம்.

போனில் கேளுங்கள்: எந்த மாடி? மேலே காங்கிரீட்டா தகரமா? ஜன்னல் திறக்குமா? படிக்கட்டு எத்தனை? தண்ணீர் எப்படி வருகிறது? கோடையில் மேலே தண்ணீர்த் தட்டுப்பாடு இருக்கும், லாரித் தண்ணீரை நம்பி ஓடும் விடுதிகள் நிறைய. குடிதண்ணீர் காய்ச்சிக் கொடுப்பார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

வாடகை விஷயத்தில் ஒரே அறைக்கு மே மாதம் எங்களிடம் 2,800 ரூபாய் வாங்கினார்கள். ஜூன் பாதியில் போனபோது 1,500-க்கே கொடுத்தார்கள். ஒரு வாரத்துக்கு மேல் தங்குகிறவர்கள் ஏரிப் பக்கத்தை விட்டுவிட்டு நாயுடுபுரம், வில்பட்டி, அட்டுவம்பட்டிப் பக்கம் வீடாகவே விசாரிக்கலாம். சமையல் நம் கையில் இருக்கும். ஆனால் அரசு மருத்துவமனைக்கு ராத்திரியில் எத்தனை நிமிடத்தில் போகலாம் என்று முதல் நாளே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

ராத்திரிக் குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பு மட்டும் வைத்துவிடாதீர்கள். பார்பிக்யூ போட்ட அடுப்பை அறைக்குள் இழுத்து வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்கவே இல்லை என்பது கொடைக்கானலில் நடந்திருக்கிறது.

5. தண்ணீர்: பாட்டிலில்தான் பொறி

கொடைக்கானலில் ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர், குளிர்பானப் பாட்டில்களுக்குத் தடை. வைத்திருந்தால் பாட்டில் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி. நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் இது தெரியாமல் ஒரு பெட்டி பாட்டில் வாங்கி டிக்கியில் போட்டு வருகிறவர்கள், சோதனைச் சாவடிக்கு முன்னால் அத்தனையையும் அங்கேயே விட்டுவிட்டு, கையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் ஐம்பது கிலோமீட்டர் மலையேறுகிறார்கள். நாங்களும் அதைத்தான் செய்தோம். தம்பி 'வரி எதுக்கு' என்று மிச்சம் பிடித்தது 120 ரூபாய். மருத்துவமனையில் ஆனது நாலாயிரத்துச் சொச்சம்.

எவர்சில்வர் பாட்டில் ஆளுக்கு ஒன்று, ஒரு லிட்டர் அளவில். அதோடு ஐந்து லிட்டருக்குக் குறையாத குடிநீர்க் கேன் ஒன்று. ஒரு பாட்டிலில் மட்டும் நீர்மோர், உப்புப் போட்டு.

ஓ.ஆர்.எஸ். வாங்கும்போது கவனம் வேண்டும். பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும், சின்னப் பாக்கெட் 200 மில்லிக்கு. பெரியதை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுப்பவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது கடல் தண்ணீர் குடிப்பது மாதிரி ஆகிவிடும். பழச்சுவையில் டப்பாவில் விற்கும் இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வாங்காதீர்கள். அந்தப் பெயரை அப்படிப் போட்டு விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரித்தது என்று உறையில் இருக்கிறதா என்று பாருங்கள். பாக்கெட் இல்லாத நேரத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு சமமட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கரைத்ததை அன்றைக்கே குடித்துவிட வேண்டும், மறுநாளைக்கு வைக்கக் கூடாது.

வத்தலக்குண்டில் இளநீர் கிடைக்கும், நிறுத்திக் குடியுங்கள். காபி, டீயை அதற்கு ஈடாக வைக்காதீர்கள்.

6. கிளம்பும் நேரம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதாக இருந்தால் இதைக் கடைப்பிடியுங்கள்: மதுரையில் இருந்து காலை நான்கு மணிக்குக் கிளம்புங்கள். ஐந்தரைக்குள் அடிவாரத்துக் காட்ரோடு பக்கம் போய்விடலாம். டம்டம் பாறையில் விடியலைப் பார்த்துக்கொண்டு ஏறினால், எட்டு மணிக்கெல்லாம் மேலே காலை டிபன். வரிசை இருந்தாலும் வெயில் இருக்காது. என்ஜினும் திணறாது, ஏ.சி.யே வேண்டாம். அறை கொடுக்கப் பன்னிரண்டு மணி ஆகும் என்றால், சீக்கிரம் வருகிறோம் என்று முன்னாலேயே சொல்லிப் பாருங்கள். எங்களிடம் முந்நூறு ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு ஒன்பது மணிக்கே திறந்துவிட்டார்கள்.

நள்ளிரவில் மலையேறும் யோசனை வேண்டாம். பனிமூட்டமும் காட்டு மாடும் உங்களுக்காகக் காத்திருக்கும்.

ரயிலில் வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'கொடைக்கானல் ரோடு' என்ற நிலையத்தின் பெயரைப் பார்த்துவிட்டு ஊர் வந்துவிட்டது என்று இறங்குகிறார்கள். அது அம்மையநாயக்கனூரில், சமவெளியில் இருக்கிறது. கொடைக்கானல் அங்கிருந்து 80 கிலோமீட்டர். பகல் ரயிலில் வந்து மதியம் அங்கே இறங்கினால், மொத்தப் பயணத்திலும் மோசமான வெயில் அதுதான். பாண்டியன் எக்ஸ்பிரஸ் போல ராத்திரி ரயிலில் ஏறி விடியுமுன் இறங்கும்படி டிக்கெட் எடுங்கள். அங்கிருந்து டாக்சிக்கு எங்கள் உறவினர் கொடுத்தது 3,200 ரூபாய். பஸ் என்றால் வத்தலக்குண்டு போய் மாற வேண்டும்.

7. மேலே போனபின்: காற்று குளிரும், வெயில் சுடும்

கொடைக்கானலில் புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். தோலில் குளிர்காற்று படுவதால் வெயில் தெரிவதில்லை. ஆனால் உயரம் ஏற ஏற, தோலைக் கருக்கும் புற ஊதாக் கதிர் கூடுகிறது, ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் போல. சூரியனைப் பார்ப்பதற்கென்றே 1899-இல் இருந்து ஆய்வகம் வைத்திருக்கும் ஊர் இது. தூசியும் மூட்டமும் குறைந்த வானம் ஆராய்ச்சிக்கு நல்லது, நம் நெற்றிக்கு நல்லதில்லை. முதல் நாள் மதியம் ஏரியைச் சுற்றி நடந்த என் மகளுக்கு ராத்திரி மூக்கும் கன்னமும் எரிந்து தூக்கமே இல்லை.

வெளியே போவதைக் காலை ஏழில் இருந்து பத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள், மறுபடி நாலு மணிக்கு மேல். தூண் பாறை, குணா குகை, பைன் காடு என்று ஒரே மூச்சில் பன்னிரண்டு இடம் காட்டும் வண்டிகள் பத்து மணிக்குக் கிளம்பி உச்சிவெயிலில்தான் இறக்கிவிடும். வயதானவர்களுக்கு அது சரிப்படாது. பூம்பாறை, மன்னவனூர் போகிறவர்கள் விடிந்ததும் கிளம்புங்கள். மன்னவனூர்ப் புல்வெளியில் ஒதுங்க நிழல் கிடையாது. பிப்ரவரி முதல் மழை வரும்வரை காட்டுத்தீ அபாயமும் உண்டு. வனத்துறை ஒரு பாதையை மூடியிருந்தால் வாக்குவாதம் செய்யாமல் திரும்பிவிடுங்கள். புகை மூச்சுக் கோளாறு உள்ளவர்களை உடனே வாட்டும்.

உடுப்பில் ஒரு வேடிக்கை. கொடைக்கானல் என்றாலே ஸ்வெட்டர் என்று பகல் பன்னிரண்டு மணிக்கும் கம்பளிக் குல்லாயோடு பெரியவர்களை உட்கார வைத்திருப்பார்கள். உள்ளே வியர்த்துக் கொட்டும், அவர்களும் சொல்ல மாட்டார்கள். பகலுக்கு முழுக்கைப் பருத்திச் சட்டை, குடை. மாலை ஐந்துக்கு மேல் ஸ்வெட்டர். ராத்திரி 12, 13 டிகிரிக்கு இறங்கும், அப்போது எதையும் குறைக்காதீர்கள்.

குளிரில் தாகம் எடுக்காது, அதனால் மணிக்கொரு தரம் நீங்களே டம்ளரை நீட்ட வேண்டும். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். அம்மாவிடம் இதைக் கேட்க எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. இப்போது என் மனைவி கேட்டுவிடுகிறாள்.

மே மாதப் பிற்பகல்களில் சட்டென்று இடி மழை வரும். மின்னல் எச்சரிக்கைக்கு 'தாமினி' செயலி இருக்கிறது.

8. இந்த அறிகுறி வந்தால் இப்படி

தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு, கிறுகிறுப்பு, ஏராளமான வியர்வை: இது வெயில் களைப்பு. நிழலுக்கு மாற்றி, உடுப்பைத் தளர்த்தி, காலைச் சற்று உயர்த்திப் படுக்கவைத்து, ஓ.ஆர்.எஸ்.ஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அரை மணி நேரத்தில் தெளியாவிட்டால் மருத்துவமனை.

பேச்சுக் குழறல், இடம் தெரியாமல் கேட்பது, நடை தடுமாற்றம், வலிப்பு, உடம்பு நெருப்பாகக் கொதிப்பது: இது வெயில் தாக்கம், உயிர் போகும் விஷயம். உடம்புச் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். நம் தெர்மாமீட்டர் கணக்கில் 104. தோல் வறண்டிருக்க வேண்டும் என்று அவசியமில்லை, வியர்வை இருந்தாலும் இது வரும். உடனே 108. வண்டி வரும்வரை சும்மா நிற்காதீர்கள். உடம்பில் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத் துணியோ ஐஸோ வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டைக் குறைக்காது.

மலைப்பாதையில் இருந்து 108-க்குப் பேசும்போது, "கொடைக்கானல் ரோட்டில் நிற்கிறோம்" என்றால் கண்டுபிடிக்க முடியாது. கிலோமீட்டர் கல்லில் இருக்கும் எண், பக்கத்து ஊர் (ஊத்து, பெருமாள்மலை), ஏறுகிறீர்களா இறங்குகிறீர்களா என்று சொல்லுங்கள். சிக்னல் உள்ள இடத்தைக் கடக்கும்போதெல்லாம் ஊர்ப் பெயரைக் கவனிப்பது எனக்கு இப்போது பழக்கமாகிவிட்டது. மருத்துவச் சந்தேகத்துக்கு 104 இருக்கிறது.

மருத்துவமனையில் முதல் வாக்கியமாக, "இவ்வளவு நேரம் வெயிலில் இருந்தார்" என்று சொல்லுங்கள். நாங்கள், "வாந்தி, கார் பயணத்தால இருக்கும்" என்று இழுத்ததில் கால் மணி நேரம் வீணானது. அது பதிவாவதில் இன்னொரு பயனும் உண்டு. தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. வெயிலால் உயிரிழப்பு நேர்ந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். அதற்கு மருத்துவப் பதிவுகள்தான் ஆதாரம்.

9. இறங்குவது: யாரும் யோசிக்காத பகுதி

வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். பத்து நாள் குளிரில் இருந்தால் அந்தப் பழக்கம் குறையத் தொடங்கிவிடும். அதோடு இரண்டரை மணி நேரத்தில் 25 டிகிரியில் இருந்து 40-க்கு இறங்குகிறோம். போகும்போது தாங்கிய உடம்பு வரும்போது தாங்காமல் போவது இதனால்தான்.

அறையைக் காலி செய்யச் சொல்வது பெரும்பாலும் காலை பத்து, பதினொன்றுக்கு. அப்போதே இறங்கினால் வத்தலக்குண்டுக்கு உச்சிவெயிலில் வந்து சேர்வீர்கள். ஒன்று, விடியற்காலையிலேயே இறங்கிவிடுங்கள். இல்லையென்றால் அரை நாள் வாடகை கொடுத்துவிட்டு மூன்று மணிக்குக் கிளம்புங்கள். மலைப்பாதையை வெளிச்சத்திலேயே கடந்து, பொழுது சாயும்போது அடிவாரத்தில் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும் வேண்டாம், மொத்த ஊரும் அப்போதுதான் இறங்கும்.

இ-பாஸில் இறங்கும் தேதி என்று கொடுத்ததைத் தாண்டித் தங்க நினைத்தால், முன்கூட்டியே தளத்தில் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த முதல் மூன்று நாள் பெரியவர்களை ரேஷன் கடை, பேங்க், கல்யாணம் என்று எங்கேயும் அனுப்பாதீர்கள். நாங்கள் இப்போதெல்லாம் கிளம்பும் முன்பே பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போகிறோம். வரும் அன்று சாயங்காலம் ஜன்னல்களைத் திறந்து, மொட்டை மாடியில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி வைத்திருப்பார்கள். பதிலுக்குக் கொடைக்கானல் பிளம்ஸ் இரண்டு கிலோ.